செய்தியா, தொடர் நாடகமா? படிவம் 4, 5 மாணவர்களுக்கு எப்படிப் பிரித்துக் காட்டுவது?

கயல்_பிறை

வணக்கம். மலேசியாவில், பினாங்கின் பிறை வட்டாரத்தில் ஓர் இளைஞர் மன்றம் படிவம் 4, 5 (16, 17 வயது) மாணவர்களுக்கு ஒன்றரை மணி நேரப் பட்டறை நடத்துகிறது. சுமார் 25 பேர் வருவார்கள். தலைப்பு பரபரப்புச் செய்தி. புரொஜெக்டரும் ஒலிபெருக்கியும் உண்டு. வைஃபை மெதுவாகத்தான் வரும்.

பிள்ளைகள் நாளிதழைத் தொடுவதில்லை. டிக்டாக்கிலும் யூடியூப்பிலும் வருவதுதான் அவர்களுக்குச் செய்தி. வீட்டுக்கு வந்தால் கூடத்தில் தமிழ்நாட்டுச் செய்தி அலைவரிசை ஓடிக்கொண்டிருக்கும். நடிகர் வீட்டு விவாகரத்து, நெடுஞ்சாலை விபத்து, சென்னையில் நடந்த கொலை எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு எழுத்து, ஒரே முரசு இசை. 'பரபரப்பை நம்பாதீர்கள்' என்று சொல்லிவிட்டு வந்தால் கைதட்டுவார்கள், வாசலைத் தாண்டியதும் மறந்துவிடுவார்கள். எதை எண்ணிப் பார்க்க வேண்டும், எதைக் கோடிட வேண்டும் என்று கையில் வேலை கொடுக்க வேண்டும்.

மன்றத்தில் சிலர் சினிமாச் செய்தி மொத்தத்தையும் ஒதுக்கச் சொல்லலாம் என்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எடுத்துக்காட்டுக்கு, நம் பக்கத்தில் அண்மையில் அதிகம் பகிரப்பட்ட ஒரு மரணச் செய்தியை வைக்க நினைக்கிறோம். அது சரியாக வருமா? புகார் செய்வதென்றால் எங்கே செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

இரவு_மேசை

கயல், படத்தையும் இசையையும் பிறகு பார்க்கலாம். வாக்கியத்திலிருந்து தொடங்குங்கள். தாளில் அச்சடித்துக் கொடுத்தால் போதும், வைஃபை தேவையில்லை.

தலைப்பின் கடைசி எழுத்தை முதலில் காட்டுங்கள். 'பிரபல நடிகர் தம்பதி பிரிவு' என்று போட்டால் அது ஒரு கூற்று. பொய்யானால் போட்டவர் பதில் சொல்ல வேண்டும். 'பிரபல நடிகர் தம்பதி பிரிவா?' என்று ஓர் ஆகாரத்தைச் சேர்த்துவிட்டால் பொறுப்பு வாசகர் தலைக்கு மாறிவிடுகிறது. 'நாங்கள் சொல்லவில்லை, கேட்டோம்' என்று அவர் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் படித்தவர் மனத்தில் 'பிரிவு' மட்டும்தான் தங்கும். 10 தலைப்புகளைக் கொடுத்து, அந்த ஆகாரத்தையும் கேள்விக்குறியையும் பேனாவால் அடிக்கச் சொல்லுங்கள். மிச்சம் இருப்பதை உறுதியாகச் சொல்ல உள்ளே ஆதாரம் இருக்கிறதா என்று தேடட்டும்.

அடுத்தது 'கூறப்படுகிறது'. இதன் உறவுக்காரர்கள் 'சொல்லப்படுகிறது', 'நம்பப்படுகிறது', 'தெரியவருகிறது', 'வட்டாரங்கள் தெரிவித்தன'. இந்த வினைகள் எழுவாயை விழுங்கிவிடும். ஒவ்வொன்றையும் வட்டமிட்டு, ஓரத்தில் 'யார்?' என்று எழுதச் சொல்லுங்கள். போலீஸ், மருத்துவமனை, பக்கத்து வீட்டுக்காரர் என்று விடை கிடைத்தால் எழுதட்டும். கிடைக்காவிட்டால் கோடு போடட்டும். நியாயமாகப் பார்த்தால், தகவல் தந்தவர் பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்கும்போது நல்ல நாளிதழும் இப்படித்தான் எழுத நேரும். ஒரு செய்தியில் ஒன்றோ இரண்டோ வந்தால் குறை சொல்ல மாட்டேன். ஐந்து கோடு விழுந்த செய்தியில் செய்தியே இல்லை.

'பகீர்', 'திடுக்கிடும்', 'உறைந்துபோன ரசிகர்கள்' போன்ற அடைமொழிகளை அடிப்பது சுலபம். பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள், அதில் நேரம் செலவிட வேண்டாம்.

நேரம் கொடுக்க வேண்டியது வழக்கின் படிநிலைக்கு. நம் நாட்டுக் குற்றச் செய்திகளில் பெரும் பிழை இங்கேதான் நடக்கிறது. புகார், விசாரணை அறிக்கை திறப்பு, கைது, தடுப்புக் காவல், குற்றச்சாட்டு, நீதிமன்ற விசாரணை, தீர்ப்பு, மேல்முறையீடு. இந்த எட்டையும் வெண்பலகையில் ஏணி மாதிரி வரையுங்கள். தடுப்புக் காவல் என்றாலே குற்றம் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். அது விசாரணைக்காக மஜிஸ்திரேட் கொடுக்கும் அவகாசம், அவ்வளவுதான். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 117ஆவது பிரிவின்படி, 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனை உள்ள குற்றமென்றால் முதலில் அதிகபட்சம் 4 நாள், நீட்டித்தால் இன்னும் 3 நாள். 14 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 7 நாள், பிறகு இன்னொரு 7 நாள். இந்தப் படியில் இருப்பவர் சந்தேக நபர். நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வாசிக்கப்பட்ட பிறகு குற்றஞ்சாட்டப்பட்டவர். தீர்ப்புக்குப் பிறகே குற்றவாளி. 'கொள்ளையன் பிடிபட்டான்' என்ற தலைப்பு மூன்றாம் படியில் நிற்பவரை ஏழாம் படிக்குத் தூக்கிவிடுகிறது. இன்னொன்று, அந்த 'ன்' விகுதி. தீர்ப்புக்கு முன்பே மரியாதை போய்விட்டது.

இதில் மிகவும் குழப்பம் தருவது டிஎன்ஏஏ (DNAA) என்ற நீதிமன்ற உத்தரவு. குற்றச்சாட்டிலிருந்து ஒருவர் விடுவிக்கப்படுகிறார், ஆனால் அது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு ஆகாது. அரசுத் தரப்பு அதே வழக்கை மீண்டும் கொண்டுவரலாம். 'விடுதலை!' என்று ஒற்றைச் சொல்லில் போட்டால் ஒரு பக்கம் பட்டாசு வெடிப்பார்கள், இன்னொரு பக்கம் நீதி செத்தது என்பார்கள். இரண்டுமே அந்த உத்தரவில் இல்லாதவை. 'வழக்கிலிருந்து தற்போதைக்கு விடுவிப்பு, குற்றமற்றவர் எனத் தீர்ப்பில்லை' என்று போட்டால் நீளம்தான். அதனால்தான் செய்தி ஆசிரியர் மேசையில் வெட்டுப்படுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'இந்திய ஆடவர் கைது' என்ற தலைப்பில் 'இந்திய' எதற்கு? தப்பி ஓடியவரைத் தேடும் அறிவிப்பென்றால் அடையாளம் தேவை. பிடிபட்ட பிறகு அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. நம் இனத்தவர் படிக்கும் செய்தியில் நாமே அதைப் போடும்போது யாருக்கு நன்மை என்று பிள்ளைகளையே கேட்கவிடுங்கள்.

சட்டகம்25

காணொலிப் பக்கம் நான் சொல்கிறேன்.

முதல் வேலை, கடிகாரம். 10 நிமிடக் காணொலி ஒன்றை ஓடவிட்டு மூன்று பத்தி போட்ட தாள் கொடுங்கள்: புதுத் தகவல், ஏற்கெனவே சொன்னது, ஊகம். 15 விநாடிக்கு ஒருமுறை நீங்கள் மேசையைத் தட்டுங்கள். தட்டும்போது என்ன ஓடுகிறதோ அந்தப் பத்தியில் ஒரு கோடு. 10 நிமிடத்தில் 40 கோடு. முடிவில் எண்ணட்டும். அதோடு, தலைப்பில் கேட்ட கேள்விக்கு எத்தனையாவது நிமிடத்தில் விடை வந்தது, வந்ததா என்பதையும் குறிக்கட்டும். 5 விநாடிக்கு ஒருமுறை தட்டினால் பிள்ளைகள் தடுமாறிப் பாதியில் விட்டுவிடுவார்கள். 30 விநாடி வைத்தால் ஊகமெல்லாம் இடைவெளியில் தப்பித்துவிடும்.

ஏன் இழுக்கிறார்கள் என்ற காரணத்தையும் சொல்லுங்கள், அது ஒன்றும் மர்மம் இல்லை. யூடியூப்பில் காணொலி 8 நிமிடத்தைத் தொட்டால்தான் நடுவில் விளம்பரம் போடலாம். 2020 ஜூலை வரை அது 10 நிமிடமாக இருந்தது. 90 விநாடியில் முடியும் செய்தி 8 நிமிடம் 12 விநாடி ஓடுவதற்கு இதுவே காரணம். மாணவர்கள் தங்கள் கைப்பேசியில் இருக்கும் பட்டியலைத் திறந்து நீளங்களை மட்டும் பார்க்கட்டும். எட்டுக்குச் சற்று மேலே எத்தனை நிற்கின்றன என்று அவர்களே சொல்வார்கள்.

தொலைக்காட்சிக்கு வேறு கணக்கு. இந்தியாவில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதை பார்க் (BARC) அமைப்பு மாதிரி வீடுகளில் மீட்டர் வைத்து அளக்கிறது. 2020இல் முழு இந்தியாவுக்கும் சுமார் 44,000 வீடுகள். எத்தனை மொழி, எத்தனை அலைவரிசை என்று பிரித்துப் பார்த்தால் ஒரு செய்தி அலைவரிசையின் வாரப் புள்ளி சில வீடுகளின் விரல் நுனியில் நின்றது. அந்த ஆண்டு அக்டோபரில் மும்பையில் டிஆர்பி (பார்வையாளர் புள்ளி) மோசடிப் புகார் வெடித்ததும் செய்தி அலைவரிசைகளின் புள்ளிகளை நிறுத்திவைத்தார்கள். 2022 மார்ச்சில்தான் திரும்ப வெளியிட்டார்கள், அதுவும் நான்கு வாரச் சராசரியாக. ஒரே நாள் கூச்சலுக்குக் கிடைக்கும் பலன் சராசரியில் கரைந்துவிடும் என்பது அதன் பயன். நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: பினாங்கில் கூடத்தில் ஓடும் தொலைக்காட்சி அந்த மீட்டர் கணக்கில் சேராது. ஆனால் அதே அலைவரிசையின் யூடியூப் காணொலியை இங்கிருந்து தொட்டால் அது பார்வையாகப் பதிவாகும். ஒரு காணொலியை மறுக்கத் திறந்தாலும் சேர்ந்துதான் எண்ணும். அதனால் பட்டறைக்கு வேண்டியதைப் பார்வை வரலாற்றை நிறுத்திவைத்துவிட்டுத் திறங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் முழுக்க உங்கள் பக்கத்தில் அதே வகைதான் வந்து விழும்.

இரண்டாவது வேலை, ஒலியை அடக்கிப் பார்ப்பது. இரண்டு நிமிடம் சத்தமில்லாமல் ஓடவிட்டு, என்ன நடந்தது என்று எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு வீட்டு வாசல், ஒரு போலீஸ் வண்டி, நடிகரின் பழைய விருது விழாப் படம், இவைதான் சுற்றிச் சுற்றி வரும். பிறகு திரையை மறைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்கட்டும். இசையை எடுத்துவிட்டால் பயமும் போய்விடுகிறது என்பதை அவர்கள் காதே சொல்லும். வரிசை முக்கியம், ஒலியில்லாப் படம்தான் முதலில். குரலை முதலில் கேட்டுவிட்டால் படம் பார்க்கும்போது மூளை அதே கதையைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

பாட்டுப் போட்டி, நேர்காணல் முன்னோட்டங்களுக்கு உதட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது படம் வேறு முகத்துக்குத் தாவுகிறது, ஆனால் வாக்கியம் தொடர்கிறது என்றால், அங்கே இரண்டு வாக்கியங்களை ஒட்டியிருக்க இடம் உண்டு. அறையின் பின்னணி இரைச்சல் திடீரென மாறினால் சந்தேகம் வலுக்கும். நடுவர் கண்கலங்கும் காட்சி இந்தப் பாட்டுக்குத்தானா என்று பார்க்க மேசைமேல் இருக்கும் தண்ணீர்க் குவளை போதும். முன் காட்சியில் பாதி, கண்கலங்கும்போது முழுசு, அடுத்த காட்சியில் மறுபடி பாதி என்றால் அந்தக் கண்ணீர் வேறு நேரத்துக்கு உரியது. கணினியில் நிறுத்திவிட்டுக் காற்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு சட்டகம் (ஃபிரேம்) பின்னே போகும், முற்றுப்புள்ளி விசை ஒரு சட்டகம் முன்னே. வெட்டு விழுந்த இடத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ஒருமுறை கண்டுவிட்டால் அப்புறம் அந்தக் கண் மாறாது.

செந்தூல்_மணியம்

கயல், சினிமாச் செய்தியை ஒதுக்கச் சொல்லாதீர்கள். இது தவறான சண்டை.

நம் தமிழ் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பை நினைத்துப் பாருங்கள். சிறுகதை, மரபுக்கவிதை, வாசகர் கடிதம், சினிமாப் பக்கம் எல்லாம் ஒன்றாக இருக்கும். சினிமாப் பக்கத்துக்காக வாங்கியவர் கையில்தான் கவிதையும் போய்ச் சேர்ந்தது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரி கடைசியோடு நின்றுபோன நாட்டில், வாசகரை உள்ளே இழுத்துவரும் பக்கத்தைப் பழித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஒரு படத்தின் இசை எப்படி, ஒளிப்பதிவு எப்படி, நடிகை ஏன் அந்த வேடத்தை ஏற்றார் என்பது முறையான செய்தி. 'மூன்றெழுத்து நடிகை', 'வாரிசு நடிகர்' என்று பெயரை மறைத்து ஊருக்கே புரியவைக்கும் கிசுகிசு வேறு. அங்கே பெயர் மறைவது நடிகையின் மானத்தைக் காக்க இல்லை, எழுதியவரை வழக்கிலிருந்து காக்க. இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு நம் பக்கத்து மரணம் வேண்டவே வேண்டாம். பிறையும் பட்டர்வொர்த்தும் எவ்வளவு பெரிய ஊர்? 25 பிள்ளைகளில் ஒன்று இறந்தவருக்கு மாமன் மகளாக இருக்கலாம், அதே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கலாம். திரையில் அந்த வீட்டு வாசல் வரும்போது அந்தப் பிள்ளை எங்கே பார்க்கும்?

அதற்குப் பதில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கை எடுங்கள். 80 ஆண்டு தொலைவில் இருக்கிறது, தமிழ் மஞ்சள் பத்திரிகையின் கதை முழுதும் அதில் இருக்கிறது. லட்சுமிகாந்தன் 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்று நடத்தி, நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதி விற்றவர். 1944 நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். பாகவதர் அப்போது புகழின் உச்சியில் இருந்தார். அவர் நடித்த படம் ஒன்று மூன்று தீபாவளி கண்டு ஓடிய காலம் அது. 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு எடுபடவில்லை. அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி சென்னைக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள்.

இதை இரவு_மேசை சொன்ன ஏணியில் ஏற்றுங்கள். 1944 டிசம்பரில் என்ன தலைப்புப் போடலாம்? 1945 மே மாதம்? 1947 ஏப்ரல்? மூன்று குழு, மூன்று தேதி. ஒவ்வொரு குழுவுக்கும் அந்தத் தேதி வரைக்குமான தகவலை மட்டும் கொடுங்கள், பின்னால் நடந்தது தெரியக்கூடாது. 1945 குழு 'குற்றவாளி' என்று எழுதும். அன்றைய சட்டப்படி அது சரிதான். பிறகு மூன்று தாளையும் பக்கத்தில் ஒட்டுங்கள். சரியான சொல்லும் இரண்டே ஆண்டில் பொய்யாகலாம் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. பாகவதர் வெளியே வந்த பிறகு படமெடுத்தார், ஆனால் பழைய இடம் திரும்பவில்லை. 1959இல் காலமானார். தீர்ப்பு அவரை விடுவித்த அளவுக்கு ஊர் வாய் விடுவிக்கவில்லை.

ஒரு கவனம். இணையத்தில் இந்த வழக்கைப் பற்றி 'உண்மையில் கொன்றது யார்' என்ற வகைக் காணொலிகள் ஏராளம். அவற்றைத் திரையிட்டால் நீங்கள் எதிர்க்க வந்ததையே பரிமாறுகிறீர்கள். தேதிகளைத் தாளில் கொடுங்கள், போதும்.

கயல்_பிறை

மணியம் ஐயா, மரண எடுத்துக்காட்டை எடுத்துவிட்டோம். மன்றத்திலும் சொன்னேன், மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார்கள். பாகவதர் வழக்கு பாட்டி தாத்தாவிடமும் பேச வைக்கும், நல்லது.

சட்டகம்25, காணொலியை முன்கூட்டியே கைப்பேசிச் செயலியில் இறக்கிவைத்துக் காட்ட முடியுமா? வைஃபை நின்றால் கடிகார வேலை கெட்டுவிடும். அப்புறம் சட்டப் பக்கமும் புகார்ப் பக்கமும் யாராவது சொல்லுங்கள்.

சட்டகம்25

செயலியில் இறக்குவதற்குக் கட்டணச் சந்தா கேட்கலாம். கைப்பேசித் தரவைப் பகிர்ந்து 360 தரத்தில் ஓட்டினாலே போதும். தட்டிக் கோடு போடும் வேலைக்குத் தெளிவு தேவையில்லை. குவளை பார்க்கும் வேலைக்கு மட்டும் 720 வேண்டும். அது 30 விநாடித் துண்டுதான், முன்னதாகவே திறந்து நிறுத்திவையுங்கள்.

மேரி_ஜெலுத்தோங்

கயல், இரண்டு விஷயத்தைக் கட்டாயம் சேருங்கள். பிள்ளைகள் பார்வையாளர்கள் மட்டும் இல்லை, பகிர்பவர்களும்கூட.

ஒன்று, சிறார் சட்டம் 2001, 15ஆவது பிரிவு. ஒரு வழக்கில் தொடர்புள்ள 18 வயதுக்குக் குறைந்தவரின் பெயர், முகவரி, படிக்கும் பள்ளி, படம், அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரமும் வெளியிடக்கூடாது. பாதிக்கப்பட்டவர், சாட்சி, குற்றஞ்சாட்டப்பட்டவர் எல்லாருக்கும் இது பொருந்தும். மீறினால் அதிகபட்சம் 10,000 ரிங்கிட் அபராதம், 5 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். பெயரை மறைத்துவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. முகத்தை மங்கலாக்கிவிட்டுத் தந்தையின் பெயரையும் தாமான் பெயரையும் போடுகிறார்கள். பிறகு மறைக்க என்ன இருக்கிறது?

இரண்டு, தற்கொலைச் செய்தி. நடிகர், பிரபலம் என்றால் எந்த முறை, எந்த அறை, கடைசிக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று விவரித்துப் போடுகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி இவை மூன்றையும் வெளியிட வேண்டாம் என்கிறது. ஒற்றைக் காரணம் சொல்ல வேண்டாம், உதவி எண்ணைச் சேருங்கள் என்றும் சொல்கிறது. இது மென்மனம் படைத்தவர்களின் வேண்டுகோள் என்று யாராவது ஒதுக்கினால் வியன்னாவைச் சொல்லுங்கள். அங்கே சுரங்க ரயில் தற்கொலைகளைப் பத்திரிகைகள் விலாவாரியாக எழுதிக்கொண்டிருந்தன. 1987 நடுவில் வழிகாட்டி வந்து எழுதும் முறை மாறியது. அந்த ஆண்டின் முதல் பாதியோடு ஒப்பிட்டால் இரண்டாம் பாதியில் அத்தகைய சம்பவங்கள் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. எழுதும் முறையால் உயிர் போகவும் செய்யும், தங்கவும் செய்யும். நம் நாட்டில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே உதவி கேட்டால் போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து யாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் 24 மணி நேர எண் 03-7627 2929. தாளின் அடியில் அச்சடித்துவிடுங்கள், மேடையில் நீட்டிப் பேச வேண்டாம்.

புகாருக்கு வருவோம். முதல் கடிதம் எப்போதும் வெளியிட்டவருக்கே. பதில் திருப்தி இல்லையென்றால், ஒளிபரப்பு, இணையம் இரண்டுக்கும் உள்ளடக்கக் கருத்தரங்கம் (Content Forum) என்ற அமைப்பின் புகார்ப் பிரிவு இருக்கிறது. அவர்கள் உள்ளடக்க நெறிமுறையை வைத்துப் பார்ப்பார்கள். செய்தி நிறுவனங்களுக்கென்று மலேசிய ஊடக மன்றச் சட்டம் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தமிழ்நாட்டு அலைவரிசை என்றால் இந்த இரண்டின் கையும் எட்டாது. அது செய்தி ஒளிபரப்பு பற்றிய புகார்களை விசாரிக்கும் இந்தியாவின் என்பிடிஎஸ்ஏ (NBDSA) அமைப்பின் கீழ் வருகிறதா என்று பார்த்து அங்கே போக வேண்டும். அங்கேயும் அலைவரிசைக்கு முதலில் எழுதியிருக்க வேண்டும், காலக்கெடுவும் குறுகியது. பார்த்த அன்றே எழுதுங்கள்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலானவை விழுகின்றன. 'உங்கள் அலைவரிசை சமுதாயத்தைக் கெடுக்கிறது' என்று எழுதினால் கோப்பு அன்றே மூடப்படும். தேதி, ஒளிபரப்பான நேரம், காணொலியின் எத்தனையாவது நிமிடம், சொன்ன வாக்கியம் அப்படியே, அது ஏன் தவறு என்பதற்கு ஒரு சான்று, நீங்கள் கேட்பது திருத்தமா, நீக்கமா, மன்னிப்பா. அரைப் பக்கம் போதும். திரைப்பிடிப்பில் முகவரிப் பட்டையும் தேதியும் தெரியவேண்டும். தலைப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவது வழக்கம், அப்புறம் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் வதந்திக்குப் புகாரைவிடச் சரிபார்ப்பு விரைவு. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி 2017இல் தொடங்கிய செபெனார்ஞா தளம் இருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த ஐஃபா என்ற புலனச் சேவை தமிழிலும் பதில் தரும். செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறியோடு 'பலமுறை பகிரப்பட்டது' என்று இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம். அனுப்பியவரைக் கேட்டுப் பயனில்லை, அவருக்கும் தெரியாது.

கயல்_பிறை

மேரி அக்கா, மிக்க நன்றி. நேரத்தை இப்படிப் பிரித்திருக்கிறேன்: தலைப்பு அடிக்கும் வேலை 15 நிமிடம், ஏணியும் பாகவதர் வழக்கும் 30, தட்டிக் கோடு போடுவது 20, குவளை 5, சட்டமும் பகிர்தலும் 15. ஐந்து நிமிடம் கையில் இருக்கிறது. மாணவர்களே செய்தி எழுதிப் பார்க்கும் ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தால் அந்தச் சட்டப் பகுதி உரையாக மாறாமல் இருக்கும். போலீஸ் அறிக்கை போல ஒன்று எங்கே கிடைக்கும்?

இரவு_மேசை

உண்மையானது வேண்டாம், எழுதியே தருகிறேன். 'கற்பனை' என்று மேலே பெரிதாகப் போட்டு அச்சடியுங்கள், இல்லாவிட்டால் இதுவே நாளைக்குப் புலனத்தில் சுற்றும்.

'பட்டர்வொர்த்தில் ஒரு மளிகைக் கடை முன் நிறுத்தப்பட்டிருந்த மோட்டார் சைக்கிள் காணாமல் போனதாக நேற்றிரவு 9.40க்குப் புகார் பெறப்பட்டது. இன்று காலை 7.15க்கு 22, 17 வயதுடைய இரண்டு ஆடவர் கைது செய்யப்பட்டனர். மோட்டார் சைக்கிள் மீட்கப்பட்டது. 22 வயது ஆடவர் 4 நாள் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டுள்ளார். தண்டனைச் சட்டம் 379ஏ பிரிவின் கீழ் விசாரணை நடைபெறுகிறது.'

தாளின் மறுபக்கத்தில் புலனச் செய்தி: 'உஷார்! மோட்டார் திருட்டுக் கும்பல் சிக்கியது! பின்னணியில் பெரிய புள்ளியா? அதிகம் பகிரவும்'. அதோடு சீருடையில் நிற்கும் ஒரு பையனின் படம் என்று ஒரு காலிக் கட்டம் வரையுங்கள், உண்மைப் படம் எதுவும் வேண்டாம்.

வேலை இரண்டு. எட்டுச் சொல்லுக்குள் ஒரு தலைப்பு எழுதட்டும். பிறகு புலனச் செய்தியில் அறிக்கையில் இல்லாதவற்றை அடிக்கட்டும். 'கும்பல்', 'சிக்கியது', 'பெரிய புள்ளி' மூன்றையும் எல்லாரும் பிடித்துவிடுவார்கள். 'திருட்டு' என்பதில் தகராறு வரும், வரட்டும். 'திருட்டுச் சந்தேகம்' என்று எழுதியவர்கள் ஏணியைக் கவனித்தவர்கள். 17 வயதுக்காரருக்கும் 4 நாள் காவல் என்று எழுதுபவர்கள் இருப்பார்கள். அறிக்கையை மறுபடி படிக்கச் சொல்லுங்கள், அது ஒருவருக்கு மட்டும்தான்.

கடைசியில் அந்தக் காலிக் கட்டத்தைக் காட்டிக் கேளுங்கள், முகத்தை மறைத்துவிட்டால் அனுப்பலாமா என்று. பாதிப் பேர் அனுப்பலாம் என்பார்கள். அப்போது சட்டையில் பள்ளிச் சின்னம் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேளுங்கள். அன்று சீருடையில் வந்திருந்தால் தங்கள் சட்டையையே குனிந்து பார்ப்பார்கள். மேரி சொன்ன 15ஆவது பிரிவை அந்த நொடியில் வாசியுங்கள்.